என் மகளின் கட்டிலுக்குக் கீழே

என் மகளின் தும்மலுக்குக் காரணம் நான்தான். அது தெரிந்திருந்தும் டொக்டரின் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன்.

இதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. கணவருக்குக்கூட... இல்லை, அவருக்குத்தான் முக்கியமாகச் சொல்லவில்லை. நீங்கள் என் ஊரில் இல்லை, என் வீட்டுக் கட்டிலடியைக் குனிந்து பார்க்கப் போவதுமில்லை. அந்தத் துணிவில்தான் உங்களிடம் சொல்கிறேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே, காட்டை ஒட்டிய வீட்டுத்திட்டத்தில் இருக்கிறோம். வயல்தான் சீவியம். அறுவடை முடிந்ததும் எங்களுக்கு யானைப் பயம் தொடங்கிவிடும். வயலில் நெல் இருக்கும்வரை அது வயலுக்கு வரும். அங்கே இல்லையென்றால் வீட்டுக்கு வரும். எந்தச் சுவருக்குப் பின்னால் நெல் கிடக்கிறது என்பதை மோப்பத்திலேயே பிடித்துவிடும். முந்தின வருடம் எங்களுக்கு அயலில் ஒரு வீட்டுச் சுவரை நெற்றியால் தள்ளி விழுத்திவிட்டு மூட்டையை இழுத்துக்கொண்டு போனது. சுவரடியில் படுத்திருந்த மனிதர் அந்த நேரம் தண்ணீர் குடிக்க எழும்பியிருந்ததால் தப்பினார்.

அதன் பிறகு ஊர் கூடியது. இனி ஒருவரும் வீட்டுக்குள் நெல் வைப்பதில்லை, எல்லாம் சந்தியிலுள்ள களஞ்சியத்துக்குப் போகவேண்டும், கிழமைக்குத் தேவையான அரிசியை மட்டும் கொண்டுவரலாம் என்று முடிவாயிற்று. முதலில் எழும்பி ஓமென்றவர் என் கணவர்.

நான் மூன்று மூட்டைகளை ஒளித்தேன்.

அவர் அறுவடை மெசினோடு கிளிநொச்சிப் பக்கம் வேலைக்குப் போயிருந்த நாட்கள் அவை. முற்றத்தில் காயப்போட்ட நெல்லை ஓலைக் கடகம் கடகமாக அள்ளி, மகளின் கட்டிலுக்குக் கீழே படுக்கவைத்த உரப்பைகளில் நிரப்பினேன். அவள் பெரியபிள்ளையான பிறகு தகப்பன் அந்த அறைக்குள் அதிகம் போவதில்லை. காட்டுப் பக்கச் சுவரும் அல்ல அது. பார்த்தீர்களா... எவ்வளவு யோசித்திருக்கிறேன்! யானைக்கு மணக்கக்கூடாதென்று மேலே காய்ந்த வேப்பிலையை நொறுக்கிப் போட்டு, அடுப்புச் சாம்பலையும் தூவி, மழைக்கு விரிக்கும் படங்கால் மூடிவிட்டேன்.

எல்லாவற்றையும் யோசித்த நான், அதற்கு மேலே ஒரு பிள்ளை மூச்சுவிடும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

ஏன் செய்தாய் என்பீர்கள். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள், வடிவாக விளக்கத் தெரியாது. கடைசிச் சண்டைக் காலத்தில், பதுங்குகுழிக்குள் எங்கள் அரிசிச் சாக்கு வெறுமையான அன்று, அம்மா அந்தச் சாக்கை உதறினா. விழுந்த உமியையும் தூசியையும் ஒற்றை விரலால் கிளறிக் கிளறிப் பார்த்தா. அவ்வளவுதான். அன்றிலிருந்து, கைக்கெட்டும் தூரத்தில் நெல் இல்லாத வீட்டில் எனக்குக் கண் மூடாது. களஞ்சியத்தில் எங்கள் நெல் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, காவல் இருக்கிறது. ஆனால் ஓடவேண்டி வந்தால் களஞ்சியத்துக்கா ஓடுவேன்?

தும்மல் மெல்லத்தான் வந்தது. காலையில் எழும்பும்போது தொடங்கி, விடாமல், கண்ணால் தண்ணீர் வழியும்வரை தும்முவாள். முதலில் அதை நாங்கள் பகிடியாகத்தான் எடுத்தோம். வீட்டிலிருந்து ஒருவர் புறப்படும்போது தும்மல் கேட்டால் திரும்பி வந்து, இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் அல்லவா? என் கணவர் படலையைத் திறக்க, உள்ளே இவள் தும்ம, அவர் திரும்பி வந்து கதிரையில் இருக்க, வெளியே உழவு மெசின்காரர் ஹோர்ன் அடிக்க... "உன்ர மகள் என்னை வேலைக்கு விடமாட்டாள் போல கிடக்கு" என்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

பிறகு பள்ளிக்கூடத்தில் அவளைத் தனி வாங்கில் இருத்தினார்கள். பிறகு இரவில் நெஞ்சு பூனை மாதிரிக் கரகரத்தது. அப்போதும் தடிமன் என்றேன், பனி என்றேன், கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். தெரியாமலா சொன்னேன்? உள்ளுக்குள் ஒரு பக்கம் தெரிந்துதான் இருந்தது.

கணவரின் தங்கை சுகந்தி வவுனியாவில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். வந்து நின்ற ஒருநாள், பிள்ளையின் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மச்சாள், இது தடிமன் இல்லை" என்றாள். கொழும்பிலுள்ள ஒரு டொக்டரிடம் போனில் முகம் பார்த்துக் காட்ட அவளே நாள் எடுத்துத் தந்தாள். அவ்வளவு தூரம் பஸ்ஸில் அலையத் தேவையில்லை என்று கணவருக்கும் சந்தோசம்.

எனக்கும் சந்தோசம்தான்... சுகந்தி மற்ற விபரங்களைச் சொல்லும்வரை. வெளிச்சமான இடத்தில் இருக்கவேண்டும், தும்மல் எந்த நேரம் வருகிறது என்று குறித்து வைக்கவேண்டும், முன்பு குடித்த மருந்துகளைப் பக்கத்தில் எடுத்து வைக்கவேண்டும் என்று அடுக்கிக்கொண்டு போனவள், கடைசியில் சொன்னாள்:

"டொக்டர் சரியான கெட்டிக்காரி. பிள்ளை படுக்கிற இடத்தைப் போனைத் திருப்பிக் காட்டச் சொல்லுவா. ஒண்டையும் ஒளிக்காதேங்கோ மச்சாள்."



டொக்டர் கண்டால் சுகந்திக்குச் சொல்லுவா. சுகந்தி தமையனுக்குச் சொல்லுவாள். ஊருக்கு முன்னால் ஓமென்ற மனிதரின் வீட்டுக்குள்ளேயே நெல்! அயலவர்கள் என்ன கேட்பார்கள்? எங்கள் ஒழுங்கைக்கு யானையைக் கூப்பிட்டவள் நீதானா என்று கேட்கமாட்டார்களா?

வேறு இடத்தில் இருந்து கதைக்கலாமென்றால், எங்கள் வீட்டில் சிக்னல் நிற்பது அவளுடைய அறை யன்னலடியில் மட்டும்தான். நெல்லை வெளியே எடுக்கலாமென்றால், எங்கே கொண்டுபோவது? கடகத்தோடு படலை தாண்டினால் பார்க்காத கண் இல்லை.

ஆகவே டொக்டருக்காக அறையை ஆயத்தம் செய்தேன். தலையணை உறை மாற்றினேன். யன்னல் கம்பி துடைத்தேன். மூட்டைகளைச் சுவரோடு தள்ளினேன். தள்ளத் தள்ளச் சாம்பலும் நெல்லுச் சுணையும் கிளம்பி எனக்கே மூக்கு அரித்தது. கட்டிலின் மேல் பெரிய விரிப்பொன்றைப் போட்டு, நிலம் முட்டத் தொங்கவிட்டேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று "இல்லை டொக்டர்" என்று சொல்லிப் பழகினேன். போனுக்குள்ளால் நெல் மணக்குமோ என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்... சிரிக்காதீர்கள். பயந்தவளுக்கு எல்லாம் மணக்கும்.

மகள் குளித்து, தலை இழுத்துக் கட்டி, போனுக்கு முன்னால் வந்து இருந்தாள். நான் கிளப்பிவிட்ட தூசி இன்னும் அடங்கியிருக்கவில்லை. டொக்டர் தெரிவதற்கு முன்னமே தும்மத் தொடங்கிவிட்டாள்.

டொக்டர் அம்மா என் வயதுதான் இருப்பா. அவசரப்படவில்லை. பிள்ளையைக் கிட்ட வரச் சொல்லி, மூச்சு இழுத்து விடச் சொல்லிப் பார்த்தா. காலையிலா மாலையிலா, பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது குறைகிறதா என்று கேட்டா. குறையும் என்றாள் மகள். டொக்டர் தலையை ஆட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டா.

"அம்மா, பிள்ளை படுக்கிற அறைக்குள்ள நெல்லு, வைக்கல், பழைய சாக்கு ஏதும் வைச்சிருக்கிறியளோ?"

"இல்லை டொக்டர்."

எவ்வளவு லேசாக வந்தது தெரியுமா! பழகிய சொல்லல்லவா.

அறையைக் காட்டச் சொன்னா. போனைத் திருப்பினேன். கூரை, யன்னல், தலையணை... "கட்டிலுக்குக் கீழயும் ஒருக்கால் காட்டுங்கோ" என்றா.

நான் தலையணையையே காட்டிக்கொண்டு நின்றேன். அப்போது மகள் என் கையிலிருந்து போனை வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"கீழ ஒண்டும் இல்லை டொக்டர். நான்தான் ஒவ்வொரு நாளும் கூட்டுறனான்."

டொக்டர் எதையோ குறித்துக்கொண்டா. பிறகு, காரணம் தெரியாவிட்டால் மருந்து மட்டும்தான் தரலாம், காரணத்தை நிற்பாட்ட முடியாது என்றா. இரத்தம் சோதிக்க வேண்டும், மூக்குக்கு அடிக்கும் மருந்தும் குளிசையும் எழுதுகிறேன், ஒரு மாதத்தில் திரும்பக் கதைப்போம் என்றா. கடைசியாகச் சொன்னதுதான் இப்போதும் என் காதுக்குள் நிற்கிறது: "இப்ப தும்மல். கவனிக்காமல் விட்டால் முட்டு வருத்தமா மாறும் அம்மா. பிறகு மூச்சுக்கு அந்தரப்படுவா."

போன் நின்றது. மகள் விரிப்பின் மடிப்பை இழுத்து நேராக்கினாள்.

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். நான் கடகத்தோடு நடந்த அன்றே கண்டிருக்கிறாள். சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளித் திரும்பப் பைக்குள் போட்டவளும் அவள்தான்.

"அப்ப ஏன் பிள்ளை என்னட்டக் கேக்கேல்லை?"

"கேட்டா நீங்கள் பயந்திடுவியள்."

நானா அவளுக்குத் தாய்? அவளா எனக்கு?

அன்றைக்கே மூட்டைகளை வெளியே எடுக்கவேண்டும் என்று இருந்தேன். உண்மையாகவே இருந்தேன். படங்கை விலக்கி, ஒரு கடகம் அள்ளினேன். அறை வாசல்வரை கொண்டுவந்தேன். அதற்கு மேல் கால் வரவில்லை. அந்த வெறும் சாக்கு... அம்மாவின் விரல்... திரும்பிப் போய்க் கொட்டிவிட்டேன். என் பிள்ளையின் மூச்சையும் ஒரு கடகம் நெல்லையும் தராசில் வைத்தேன். எந்தத் தட்டு தாழ்ந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

முன் விறாந்தையில் வந்து படு என்று மகளிடம் சொன்னேன். ஒருநாள் படுத்தாள். மறுநாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கே போய்விட்டாள். கட்டில் சும்மா கிடந்தால் அப்பா அதைத் தூக்கிச் சுவரோரம் வைக்கப் பார்ப்பாராம். தான் படுத்திருந்தால் ஒருவரும் கிட்ட வரமாட்டார்களாம்.

மருந்தில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இல்லை, குறைந்தது என்று அவள் சொல்கிறாள். சில வேளை தலையணைக்குள் முகத்தைப் புதைத்துத் தும்முவது எனக்குக் கேட்கிறது.

அடுத்த முறை டொக்டரோடு கதைக்கும் நாள் கிட்டுகிறது. என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. நேற்றுக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது மகள் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாக எனக்குச் சொல்லித் தந்தாள்.

"யன்னலடியில கோழிக்கூடு இருந்தது, இப்ப எடுத்திட்டம் எண்டு சொல்லுவமே அம்மா? ஒரு காரணம் சொன்னா அவா பிறகு கீழ பாக்கக் கேக்க மாட்டா."

நாங்கள் ஒருநாளும் கோழி வளர்த்ததில்லை.