அம்மா கண்ணு என்று கூப்பிட்டால்

அம்மா போன பிறகு ஒரு வாரம் வீட்டில் ஆள் வரத்து ஓயவில்லை. ஆஸ்பத்திரியில் அவளிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள், புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை பெற்றவர்கள் என்று யார் யாரோ வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி ஒன்றையே சொன்னார்கள். "என்ன வாய் அந்தம்மாவுக்கு! தேனு. ஒரு நாள் ஒரு கடுஞ்சொல் உண்டா?"

பெரியவன் தங்கச்சியைப் பார்த்தான். தங்கச்சி பெரியவனைப் பார்த்தாள். யாரைச் சொல்கிறார்கள் இவர்கள்? வீடு மாறி வந்துவிட்டார்களா? பால்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னை ராஜான்னுதாங்க கூப்பிடுவாங்க" என்றதும் தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அழப் போகிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் தேற்றுவதற்குப் பின்னாலேயே போனார்கள். போய்ப் பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பாவம், அந்தப் பெண்களுக்கு என்ன தெரியும்?

அந்த வீட்டுச் சட்டம் அப்படி. அம்மா திட்டினால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அம்மா கொஞ்சினால் விஷயம் கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

பிள்ளைகளுக்கு இது பேசத் தெரியும் முன்பே தெரியும். காய்ச்சல் என்று படுத்தால் அம்மா டியூட்டியிலிருந்து வந்து, புடவை கூட மாற்றாமல் நெற்றியில் கை வைப்பாள். அந்தக் கையில் எந்நேரமும் ஆஸ்பத்திரி சோப்பு வாசனை. "மழையில ஆட்டம் போடச் சொன்னது யாரு? எருமை! எழுந்து கஞ்சியைக் குடி" என்று ஒரு கத்து கத்தினால் போதும், பாதிக் காய்ச்சல் இறங்கிவிடும். நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் ஒரு தடவை பெரியவன் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து விழுந்தபோது, ஓடி வந்தவள் பக்கத்தில் மண்டிபோட்டு, "ஒண்ணுமில்லடா கண்ணு. அம்மாவைப் பாரு. காலைப் பாக்காதே, தங்கம்" என்றாள். அதுவரை அழாமல் இருந்தவன் ஊரைக் கூட்டினான். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது.

ஆஸ்பத்திரியில் அந்தக் குரல்தான் நாள் முழுக்க. அங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் விழுந்தவர்கள்தானே. கொஞ்சிக் கொஞ்சி ஊசி போட்டு, கொஞ்சிக் கொஞ்சிப் புரட்டிப் படுக்க வைத்து, தேனெல்லாம் தீர்ந்த பிறகுதான் வீட்டுக்கு வருவாள் என்பது அப்பாவின் கணக்கு. "நமக்கு மிஞ்சறது காரம்தான்டா. வாங்கிக்கோங்க" என்பார்.

அப்பா பெயிண்டர். ஆஸ்பத்திரிக்கு வெள்ளையடிக்கப் போன இடத்தில்தான் அம்மாவைப் பார்த்தார். ஏணியில் நின்று அவர் பாட்டுக்கு மட்டையை வீச, கட்டிலில் கிடந்த கிழவர் மேல் சுண்ணாம்பு தெறித்தது. புதிதாக வேலைக்கு வந்திருந்த சின்னப் பெண் ஒருத்தி ஏணிக்குக் கீழே வந்து நின்று இடுப்பில் கையை வைத்தாள். "கண்ணு என்ன பொடணியிலயா இருக்கு? இறங்கி வாய்யா கீழே!" இறங்கினார். அந்தச் சுவர் அன்றைக்கே முடிந்துவிட்டது. மறுநாளும் போய் அதே சுவருக்கு அதே ஏணியைச் சாத்தினார். "அந்த ஆஸ்பத்திரியிலயே அவகிட்ட திட்டு வாங்கின ஒரே ஆளு நான்தான்" என்று சாகும் வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் வரிசையாக இருந்த குடியிருப்பில் ஒரு வீடு. முன்னறை, பின்னறை, மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் மூச்சுவிட முடியாத அடுப்படி. முன்னறையில் அம்மாவின் வெள்ளைப் புடவை கஞ்சி போட்டு விறைத்து, கொடியில் ஆள் நிற்கிற மாதிரி தொங்கும். பெயிண்டர் வீடு என்றுதான் பேர். ஒரு சுவருக்காவது முழுசாக வர்ணம் கிடையாது. ஊரார் வீட்டுக்குக் கலக்கிய சாயம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அப்பா முன்னறைச் சுவரில்தான் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். பச்சையில் ஒரு பட்டை, நீலத்தில் ஒரு பட்டை, மஞ்சளில் நாலு. சொறி பிடித்த மாதிரி இருக்கும். "உலகத்துக்கெல்லாம் அடிக்கிறீங்க, இந்தச் சுவத்துக்கு மட்டும் கை வரலையா?" என்று அம்மா தொடங்குவாள். "டாக்டரு தனக்குத்தானே ஊசி போட்டுக்குவாரா சிஸ்டரம்மா?" என்பார் அப்பா. அந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது. முடிய வேண்டும் என்று ரெண்டு பேருக்கும் ஆசையும் கிடையாது.

பெரியவன் லேத்துப் பட்டறையில் கை பழகி, சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கிய காலத்தில் அப்பாவுக்கு வயிற்று வலி வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. ஆள் இளைத்துக்கொண்டே போனார். அம்மா கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நாலைந்து தடவை போய் வந்தார்கள். "என்னவாம்?" என்று கேட்டதற்கு, "குடல்ல புண்ணு. நேரத்துக்குச் சாப்பிட்டாத்தானே? டீயைக் குடிச்சுக் குடிச்சுக் குடலை வேக வச்சிட்டாரு" என்று திட்டினாள். திட்டினாள் அல்லவா, எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஆனால் திட்டு கூடிக்கொண்டே போனது. எழுந்து நடக்கச் சிரமப்படுகிற மனுஷனை, "சும்மா படுத்துக் கிடந்தா உடம்பு துருப்பிடிக்கும். முன்னறைச் சுவத்துக்கு அடிங்க" என்று விரட்டினாள். அப்பா முக்காலியில் உட்கார்ந்துகொண்டே கைக்கு எட்டின வரை தினம் கொஞ்சம் சுரண்டினார், கொஞ்சம் அடித்தார். பெரியவன் பிரஷ்ஷை வாங்கப் போனால், "நீ எட்டிப் போடா. அது அவரு வேலை" என்று அதட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தம்பியைப் பார்க்க வந்தாள். வந்த நேரம், அம்மா சாப்பாட்டுத் தட்டை அப்பா முன்னால் நகர்த்தி, "மூக்கைப் பிடிச்சுக்கிட்டாவது முழுங்குங்க. நான் என்ன உங்களுக்கு வடிச்சுக் கொட்டவே பொறந்தவளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"ஊரான் பிள்ளைக்கெல்லாம் ராஜா, கண்ணு. கட்டினவனுக்கு இந்தப் பேச்சா? எலும்பும் தோலுமா உக்காந்திருக்கான். நீயெல்லாம் ஒரு நர்ஸு!"

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாய்க்குப் பஞ்சமில்லாத பெண்பிள்ளை பதில் பேசாமல் போனதே, அப்போதாவது பெரியவனுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அத்தை தெருமுனையில் அவனைப் பிடித்துக்கொண்டாள். "உங்கப்பனை என் வீட்டுக்கு அனுப்புடா. நான் நாலு நல்ல வார்த்தை சொல்லிப் பாத்துக்கறேன்."

மறுநாள் பட்டறைக்கு மட்டம் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். அப்பாவைக் கூட்டிப் போகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவதென்று முடிவு. வார்டு வாசலில் நின்றால், அம்மா யாரோ ஒரு தாத்தாவின் முதுகைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் திரும்புங்க ராஜா. ஆச்சு, ஆச்சு. என் தங்கமில்ல?" என்கிறாள். இவனுக்கு உச்சந்தலை வரை ஏறியது.

"இந்த ராஜாவுல ஒண்ணு வீட்டுக்குக் கொண்டு வந்தா குறைஞ்சா போயிடும்?"

வார்டே திரும்பிப் பார்த்தது. அம்மா துண்டைப் பிழிந்து வைத்தாள். கையைக் கழுவினாள். அவனை, துவைத்த துணிகள் அடுக்கி வைக்கிற சின்ன அறைக்குக் கூட்டிப் போனாள். கூரை வரை மடித்த விரிப்புகள். கதவைச் சாத்திவிட்டு ஒரு துணி மூட்டையைக் காட்டினாள்.

"உக்காருடா, கண்ணு."

அவ்வளவுதான். பெரியவன் மூட்டை மேல் உட்கார்ந்தான். கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. "எவ்வளவு நாளும்மா?" என்று கேட்டான்.

"மழைக்காலம் தாண்டினா பெரிசு. உள்ள கட்டி. கத்தி வைக்கிற நிலையைத் தாண்டியாச்சுன்னு பெரிய டாக்டரே சொல்லிட்டாரு." அவள் அவன் தலையைத் தடவினாள். "உங்கப்பாவைத் தெரியுமில்ல? அம்மை ஊசிக்கு மயங்கி விழுந்த மனுஷன். தெரிஞ்சுதுன்னா பயத்துலயே போயிடுவாரு. நான் ஒரு வார்த்தை இறங்கிப் பேசினாப் போதும், கண்டுபிடிச்சிடுவாரு. அதான் வாய் ஓயாம கத்தறேன். நீயும் எப்பவும் போல இரு ராஜா."

எப்பவும் போல இருப்பது என்றால் லேசா? பெரியவன் வீட்டுக்குப் போனான். அப்பா முக்காலியில் உட்கார்ந்து சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மூஞ்சியைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டுதான் நுழைந்தான். ஆனால் வாயைத் திறந்ததும், "அப்பா, வெந்நீர் வச்சுத் தரட்டுமாப்பா?" என்று வந்துவிட்டது.

அப்பா பிரஷ்ஷைத் தகரத்தின் மேல் வைத்தார். "ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தியா?"

"ம்."

"உங்கம்மா உன்னை என்னன்னு கூப்பிட்டா?"

பெரியவன் தரையைப் பார்த்தான்.

"கண்ணுன்னாளா?"

அவன் தலையை நிமிர்த்தவே இல்லை.

"அப்ப சரி" என்றார் அப்பா.

மயங்கி விழப் போகிறார் என்று பெரியவன் பக்கத்தில் ஓடினான். அவர் விழவில்லை. அடித்த சுவரை விரலால் தொட்டு, காய்ந்துவிட்டதா என்று பார்த்தார். பிறகு சொன்னார், "எனக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரியக் கூடாதுடா. தெரிஞ்சா கத்தறதை நிறுத்திப்புடுவா. கட்டில் பக்கத்துல வந்து நின்னு ராஜாம்பா. இத்தனை வருஷம் குடும்பம் பண்ணிட்டு, கடைசியில அவளுக்கு நானும் ஒரு நோயாளியாப் போகணுமா?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த கூத்தைப் பெரியவன் ஒருவன்தான் முழுதாகப் பார்த்தவன். அவள் அவருக்காகக் கத்தினாள். அவர் அவளுக்காகத் திட்டு வாங்கினார். திட்டு ஓய்ந்து போனால் அவரே எடுத்துக் கொடுத்தார். அம்மா வாசல் திரும்புகிற நேரம் பார்த்து, கழுவித் துடைத்த தரையில் வேண்டுமென்றே நாலு சொட்டு சிந்துவார். ஒரு நாள் வர்ணம் வழிகிற பிரஷ்ஷை அவளுடைய டீ டம்ளருக்குள்ளேயே போட்டு வைத்தார். "கொழுப்பா? கொழுப்பாங்கறேன்!" என்று அவள் அலறியதில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலியிலும்தான் பிடித்துக்கொண்டார். இந்தப் பக்கம் பெரியவன் யாரைக் காப்பாற்றுவது என்று தெரியாமல் ரெண்டு பேரையும் சேர்த்துத் திட்டினான். அவனுக்கும் பழகிவிட்டது.

அடுப்படியில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அம்மா நிற்கிற நாட்களும் இருந்தன. தண்ணீர் சத்தத்துக்கு மேலே எதுவும் கேட்காது. கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள். வரும்போதே, "இன்னும் அந்த மூலையை முடிக்கலையா?" என்பாள்.

மழை விட்ட ஒரு முற்பகலில், அம்மா பக்கத்தில் இருக்கும்போதே அப்பா போனார். அம்மா நாடியைப் பிடித்துப் பார்த்தாள், விட்டாள், மறுபடி பிடித்துப் பார்த்தாள். பிறகு எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வெந்நீர், துண்டு, பஞ்சு, ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய், எல்லாம் கேட்டு வாங்கினாள். யாரையும் உதவிக்கு வைத்துக்கொள்ளவில்லை. எத்தனையோ பேரை அவள் கையால் துடைத்து நேராக்கி அனுப்பியிருக்கிறாள். பின்னறைக் கதவைச் சாத்தினாள்.

அத்தை முன்னறையில் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பெரியவன் கதவை ஒட்டி நின்றான். அவனுக்கு ஒரே பயம். இப்போது அந்தத் தேன் குரல் வரும் என்று பயந்தான். இனி மறைக்க என்ன இருக்கிறது? ராஜா என்று சொல்லிவிட்டால், அப்பா கட்டிக் காத்ததெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் உடைந்து போகும்.

உள்ளே தண்ணீர் பிழிகிற சத்தம். அப்புறம் அம்மா.

"கையைக் காட்டுங்க. பாரு, நகத்துக்கு உள்ளெல்லாம் பெயிண்ட்டு. இதோட படுத்தா விரிப்பு என்னத்துக்கு ஆகும்? மண்ணெண்ணெயைத் தொட்டுத் துடைன்னு எத்தனை தடவை சொல்றது? காதுல விழுந்தாத்தானே. இந்த விரலைப் பாரு, குழந்தை கூட இப்படி வச்சிருக்காது..."

"இப்பவுமா அவனைத் திட்டறா!" என்று அத்தை எழுந்தாள்.

"உக்காருங்க அத்தை" என்றான் பெரியவன். அவன் சொன்ன விதத்தில் அத்தை உட்கார்ந்துவிட்டாள்.

திட்டு வெகுநேரம் நடந்தது. ஒவ்வொரு விரலாக நடந்தது. நடுவில் ஒரு இடத்தில் குரல் நின்றுபோனது, நெடுநேரம் நின்றது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டது.

அப்பாவுக்குத் தெரிந்திருந்தது என்பதைப் பெரியவன் அவளிடம் கடைசி வரை சொல்லவில்லை. அதற்கப்புறமும் பல வருஷம் அவள் டியூட்டி பார்த்தாள், தங்கச்சிக்குக் கல்யாணம் செய்தாள், பேரப்பிள்ளைகளை எருமை, கழுதை என்று வளர்த்தாள். சொல்ல எத்தனையோ நேரம் வாய்த்தது. வாய் வரவில்லை.

அன்றைக்குக் கதவு திறந்தது. அப்பா சுத்தமான விரிப்பில் தலை வாரி நேராகப் படுத்திருந்தார். அம்மா கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். கண் ரெண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. பெரியவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னடா மரம் மாதிரி நிக்கிற? வர்றவங்க தரையிலயா உக்காருவாங்க? போய் நாலு வீட்டுல நாற்காலி கேட்டு வாங்கிட்டு வா. போ!"

பெரியவன் செருப்பைக் கூட மாட்டாமல் ஓடினான்.