பீலிக்கரை லில்லி

றொசல்லவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் தெரேசா. வெள்ளை லில்லிக்குத் தோதான இடம் தேடி இரண்டு தரம் தோற்றவள். முதலில், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில் வைத்தாள். கால்பட்டு இறுகிய சரளை மண்ணில் கிழங்கு காய்ந்தது. அடுத்து சவுக்குமரத்தடி, மரத்தின் வேர் ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டது. மூன்றாவதுதான், மலைத்தண்ணீர் குழாயில் விழும் பீலிக்கரை. லயமே குளித்துத் துவைக்கும் தண்ணீர் வழிந்தோடும் கறுப்புச் சேறு. அங்கே ஒரு கிழங்கு பதினாலு தூராகப் பெருகியது. ஈஸ்டருக்குக் கோயில் பீடத்தை ஆறு வருஷமாக அவள் பூதான் நிறைத்தது.

எழுபத்தெட்டாம் வருஷம், தவக்காலத்தின் நடுவில், தோட்டத்து ஆட்களின் நலன் பார்க்கும் வெல்பெயார் ஐயா கணேசமூர்த்தி பீலியடிக்கு வந்தார்.

"கொழும்பிலேருந்து பெரியாளுக வாறாங்க. இந்தப் பூவெல்லாம் ரோட்டோரம் இருக்கணும்."

"இது தண்ணியிலயே கெடக்கிற சாதிங்க ஐயா. ரோட்டோரம் வெறுஞ் சரளை. மூணு நாளுல செத்துப்போகும்."

"வாறவங்க ஒரு மணித்தியாலந்தானே நிப்பாங்க!"



மறுநாள் தெரேசா மலையிலிருந்து இறங்கியபோது பதினாலு தூரும் ரோட்டோரத்தில் வரிசையாக நின்றன. சுற்றிலும் சுண்ணாம்படித்த கற்கள். இலைகள் துவண்டு கிடந்தன. கூடையை வீசியெறிந்தாள்.

"விடு புள்ள," என்றான் புருஷன் அலோசியஸ். "ஈஸ்டருக்கு மூணு கெழம கெடக்கு. தேறி வந்துரும்."

"செத்தபொறகு எழும்பிவர அது என்ன யேசுநாதரா? மம்பட்டிய எடுங்க!"

இருட்டுமுன் அத்தனையையும் தோண்டிப் பழைய சேற்றிலேயே வைத்துவிட்டாள். காலையில், வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் கணேசமூர்த்தி குதித்தார்.

"ஒன் பேர வெட்டிருவேன்!"

"வெட்டுங்க. ஆனா பீலிக்கரைக்கு மம்பட்டியோட வாற ஆளு முழுசாத் திரும்ப மாட்டான், சொல்லிட்டேன்."

மூன்று நாள் வேலை கொடுக்கவில்லை. பெரியாட்களின் வாகனம் லயத்தடியில் நிற்கவேயில்லை; புழுதி கிளப்பிக்கொண்டு பங்களாவுக்குப் போய்விட்டது.

இரண்டு தரம் பிடுங்குபட்ட தூர்களில் மொட்டெல்லாம் கருகின. ஈஸ்டருக்குத் தேறியவை மூன்றே பூக்கள். பீடத்தில் ஆறு குவளை வைப்பது வழக்கம். குவளைக்கு ஒன்றாக மூன்றில் செருகினாள். மற்ற மூன்றையும் வெறுமனே வைத்தாள்.

கோயில் கூட்ட வந்த பெற்றீசியா தயங்கினாள். "வெறுங்குவளைய எடுத்துருவோமா அக்கா? சாமியார் கேப்பாரு."

"கை வைக்காத. கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கிறேன்."