துளசிங்கத்தின் குத்தூசி

குரோம்பேட்டை அரிசி மண்டி துளசிங்கம் யாரையும் நம்பமாட்டார். மூட்டையில் குத்தூசியைச் செருகி, அதில் வரும் அரிசியைப் பார்த்த பிறகுதான் பேச்சு. எண்பத்தெட்டில் கடைத்தெருக்காரர்கள் குடும்பத்தோடு வேன் பிடித்து ஒகேனக்கல் போனபோதும் அது அவர் இடுப்பில்தான் இருந்தது.

கரையில் கவிழ்த்திருந்த பரிசல் அவருக்குச் சரியாகப் படவில்லை. பரிசல்காரர் துடுப்பெடுக்கப் போனதும், தார் பூசிய அடிப்பக்கத்தில் ஊசியைச் செருகி உருவினார். துளி ஈரமில்லை. திருப்தியோடு ஏறினார்.

பாறைகளுக்கு நடுவே, நுரைத்துச் சுழலும் தண்ணீரில் பரிசல் சுற்றியபோது, அவர் காலடியில் தண்ணீர் பீறிட்டது.

"பாத்தியா தையலு! ஓட்டைப் பரிசல குடுத்து ஏமாத்திட்டான்!"

மனைவி தையல்நாயகி ஓட்டையைக் குதிகாலால் அழுத்திக்கொண்டாள்.

"கரையில குத்திப் பாத்தியேய்யா, உள்ள இன்னா அரிசி இருந்துச்சு?"