கேசரி என்றால் மயிர்

எங்கள் வீட்டில் கேசரி என்றால் குங்குமப்பூ. நாங்கள் ஓசூர்க்காரர்கள், வீட்டில் பேசுவது கன்னடம். அதில் அந்தப் பூவுக்கு அதுதான் பெயர். என் வீட்டுக்காரருக்கோ கேசரி என்றால் ரவை, சீனி, நெய். மதுரைப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர், வேறென்ன தெரியும்?

அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். சோற்று வாசம் வந்தாலே வாந்தி. எப்போதோ ஒரு கல்யாண வீட்டில் குடித்த கேசரிப் பால் மட்டும் நாக்கிலேயே நின்றது.

"வரப்போ கேசரி வாங்கிட்டு வாங்க" என்றேன். ஷிப்ட் முடிந்து வருவதற்குள் பாலைக் காய்ச்சி வைத்தேன். அவர் கையில் பேக்கரிப் பொட்டலம். உள்ளே நெய் ஒழுகும் ரவா கேசரி. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஐயோ சாமி, இதில்லீங்க. பால்ல போடுவாங்களே, அது."

"குங்குமப்பூவா?"

தலையாட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"புள்ள செவப்பாப் பொறக்கணுமோ? என்னய மாதிரிப் பொறந்தா ஒனக்குக் கேவலமாடி?"

குங்குமப்பூ சாப்பிட்டால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று ஊரே நம்புகிறது. எனக்கு அந்த நினைப்பே இல்லை.

"என் நெறத்தப் பாத்துட்டுப் பேசுங்க. நான் மட்டும் சுண்ணாம்பு அடிச்ச செவுரா?" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

பொட்டலம் முகத்தில் வந்து விழுந்தது. அடுத்தது கை. உதடு கிழிந்தது. கூந்தலைச் சுருட்டிப் பிடித்துச் சுவரில் மோதினார், திரும்பத் திரும்ப. இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டதால் தலையைக் காக்கக் கை இல்லை. சிந்திய நெய்யில் கால் வழுக்கியது. பிள்ளை போய்விடும் என்று பயந்தேன். ஒரு கையை விடுவித்து அடுப்பிலிருந்த பாலைக் குண்டானோடு தூக்கி அவர் மேல் ஊற்றினேன். அலறிக்கொண்டு பிடியை விட்டார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்ட பிறகுதான் அழுதேன். மறுநாள் தோளில் கட்டோடு வந்து நின்றார்.

"கேசரி வாங்கியாந்திருக்கேன்" என்றார். என் அர்த்தத்தில் அந்தச் சொல்லை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

சின்ன டப்பா, உள்ளே சிவப்பு இழைகள். கேசரம் என்றால் மயிராம். சிங்கத்தின் பிடரியில் இருப்பதும், பூவின் நடுவில் இருப்பதும். அதனால்தான் சிங்கத்துக்கும் கேசரி என்று பெயர். இதெல்லாம் பிறகு படித்தது. அன்றைக்கு அந்த இழைகளைப் பார்த்ததும் என் தலையில் மயிர் பிய்ந்த இடம் எரிந்தது.

"மூடுங்க, கொமட்டுது" என்றேன். அங்கிருந்து நேராக அம்மா வீட்டுக்குப் போனேன்.

மகள் பிறந்தாள். அச்சு அசல் அவர் நிறம். அதை அவர் பார்க்க நான் விடவில்லை.