வெறும் தண்ணீர்க் குடுவை

தொண்ணூற்றாறில் கோயம்புத்தூர் கணபதியில், நோயாளிகளுக்கு குளுக்கோஸ் ஏற்றும் குழாய் செய்கிற சின்ன கம்பெனி ஒன்றில் பூவாத்தாள் சோதனை அறையைப் பார்த்துக்கொண்டாள். சிறுவாணி மலையடிவாரத்துத் தொண்டாமுத்தூர்க்காரி, பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. சோதனை அறை என்றால் ஒரு மேஜை, சூடேற்றும் பெட்டி, தராசு, பூவாத்தாள்.

குழாயைத் துண்டு துண்டாக நறுக்கி, டிஸ்டில்டு வாட்டரில் போட்டு, ஒரு நாள் முழுக்கச் சூட்டில் வைப்பாள். பிளாஸ்டிக்கிலிருந்து என்ன கரைந்து இறங்கினாலும், தண்ணீரை வற்றவைத்தால் கிண்ணத்தின் அடியில் மிஞ்சும். பக்கத்திலேயே இன்னொரு குடுவையில் அதே தண்ணீரைக் குழாய் போடாமல் வெறுமனே வைப்பாள். அதில் மிஞ்சுவதை இதிலிருந்து கழித்தால் குழாயின் குற்றம் தெரிந்துவிடும்.

முதலாளி தம்பிதுரைக்கு அந்த வெறும் குடுவையைக் கண்டாலே ஆகாது. பல்லடத்தில் தறி ஓட்டியவர். "நூல் இல்லாம யாராச்சும் தறி ஓட்டுவாங்களா அம்மணி?" என்பார். பூவாத்தாள் சிரித்துவைப்பாள். அடுத்த மாதம் அவளை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்; அவள் சம்பளத்தில்தான் அம்மாவும் தங்கையும் சாப்பிட்டார்கள்.

ஆடி மாதம் புது பிளாஸ்டிக்கில் செய்த ஐயாயிரம் குழாய்கள் சோதனைக்கு வந்தன. தேறின. பிளாஸ்டிக்கிலிருந்து இறங்கியது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்று வந்தது. வாசலில் லாரி நின்றது. கையெழுத்துக்காகத் தம்பிதுரை பேனா மூடியைக் கழற்றி நீட்டினார்.

கழித்த எடை வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது உறுத்த, பூவாத்தாள் வெறும் தண்ணீர்க் கிண்ணத்தை மறுபடி பார்த்தாள். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. நாலு வருஷத்தில் அதில் அவள் எதையும் பார்த்ததில்லை.

"ஏனுங்க, இந்தக் குடுவையை யாராச்சும் தொட்டாங்களா?"

"நாந்தானுங்க. நேத்து எடுத்துப் பாக்கறப்ப கை தவறிக் கொட்டிப்போச்சு. சும்மா உட முடியுங்களா? ஊட்டுல இருந்து கூஜாவுல கொண்டாந்த சிறுவாணித் தண்ணிய ஊத்தி வெச்சுப்போட்டேன். நீங்க ஊத்தறது பேட்டரிக்கு ஊத்தற தண்ணி. இது அதைவிட ஒசத்தி."

சிறுவாணியின் உப்பு, குழாயின் குற்றத்திலிருந்து கழிந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். யாரோ ஒருவரின் ரத்தத்தில் என்ன கலக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாததுதான் பயமாக இருந்தது.

"இது செல்லாதுங்க. மறுபடி வெக்கோணும். லாரியைத் திருப்பி அனுப்பிப்போடுங்க."

"சிறுவாணி சுத்தமில்லைங்கறீங்களா?" குழாயைக் குறை சொல்லியிருந்தால் அவருக்கு இத்தனை கோபம் வந்திருக்காது. "தொண்டாமுத்தூர்ல பொறந்துபோட்டு இதைச் சொல்ல வாய் வருதுங்களா?"

"குடிக்க அதுக்கு ஈடே இல்லைங்க. ஆனா மலையில ஊறி வர்ற தண்ணிங்க, துளி உப்பு இருக்கும். அந்த உப்புதான் இப்ப குழாயைக் காப்பாத்துது." பேனாவை அவள் வாங்கவில்லை.

"வெச்சுப் பாருங்க. குழாய் தேறிப்போச்சுன்னா நீங்க ஊட்டுக்குப் போயிரலாமுங்க." வேலையை விட்டு அனுப்புவதையும் மரியாதையாகத்தான் சொன்னார்.

புதிதாக இரண்டு குடுவைகள் வைத்தாள். யாரும் தொடக்கூடாதென்று தம்பிதுரை நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார். தொடக்கூடிய ஒரே ஆள் அவர்தான் என்பதை யாரும் சொல்லவில்லை.

மறுநாள் வெறும் தண்ணீர்க் கிண்ணம் கழுவிவைத்த மாதிரி இருந்தது. குழாய்க் கிண்ணத்தின் அடியில் மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. எடை, அனுமதித்த அளவைத் தாண்டியது. தம்பிதுரை விரலால் தொட்டார். பிசுபிசுத்தது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே போய், ஐயாயிரம் குழாயையும் நறுக்கிக் குப்பையில் போடச் சொன்னார்.

திரும்பி வந்து கதவைச் சாத்தினார்.

"அடுத்த மாசம் நிரந்தரம்னு சொன்னது அப்படியே இருக்குதுங்க. ஒண்ணு மட்டும், அம்மணி. குழாய் தோத்ததை ஊரெல்லாம் சொன்னாலும் சொல்லுங்க. சிறுவாணி தோத்ததை வெளிய சொல்லிப்போடாதீங்க."

"சரிங்க" என்றாள் பூவாத்தாள். அப்புறம் அவருடைய கூஜாவிலிருந்தே ஒரு டம்ளர் ஊற்றி ஒரே மூச்சில் குடித்தாள். நேற்றிலிருந்து அவள் தொண்டை காய்ந்துதான் கிடந்தது.