வெர்டெல் வாயிலிருந்து வந்த ஆமென்

அமெரிக்காவின் லூசியானாவில் வெர்டெல் சமைக்கும் பள்ளிக்கூடத்தில் சோறு ஒருநாளும் குழைந்ததில்லை. அப்படியொரு கை. தாய் போன பிறகு தம்பி எல்ராயை வளர்த்ததும் அதே கைதான். அவன் சட்டைக் காலர் மடங்கியிருந்தால்கூட அவளுக்குப் பொறுக்காது.

அந்த எல்ராய் ஒரு கொட்டகைப் பூட்டை உடைத்து மரம் அறுக்கும் மிஷினைத் திருடினான். யாருக்கும் கீறல்கூட விழவில்லை. ஆனால் அதற்கு முன் சில்லறைத் திருட்டுகள் இருந்ததால் சாகும்வரை சிறை என்று தீர்ப்பாகிவிட்டது. அவன் தலை நரைத்த பிறகுதான் சிறை மன்னிப்புக் குழு அவனுடைய விடுதலை மனுவைக் கையில் எடுத்தது.

விசாரணைக்கு அவர்களுடைய கறுப்பர் சர்ச்சிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் கிளம்பினார்கள். வெர்டெல் ஒவ்வொருவரையும் மேலும் கீழும் பார்த்துத்தான் ஏற்றினாள்.

"மிஸ் ஓரா, அந்தத் தொப்பியக் கழட்டுங்க."

"ஏண்டி, என் தொப்பியப் பாத்தா உன் தம்பிய உள்ள வெக்கப் போறாங்க?"

"வெப்பாங்க. கழட்டுங்க. அங்க யாரும் வாயத் திறக்கக் கூடாது. அது நம்ம சர்ச் இல்ல."

முதலில் ஒரு வெள்ளைக்காரரின் மனு வந்தது. துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்தவர். அவருக்கு விடுதலை என்றதும் குடும்பமே எழுந்து கைதட்டியது. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" என்று ஒரு அம்மாள் கத்தினாள். குழுத் தலைவர் சிரித்தார். "அருமையான குடும்பம்" என்றார்.

"இங்க சத்தம் போடலாம் போலிருக்கே" என்று மிஸ் ஓரா முணுமுணுத்தாள். வெர்டெல் அவள் தொடையில் கிள்ளினாள்.

பிறகு சிறையிலிருந்து எல்ராய் திரையில் தெரிந்தான்.

"அந்த மிஷின்தான் அதோட சொந்தக்காரருக்குப் பொழப்பு. அன்னிக்கு அதை நான் நெனக்கல. இப்ப நெனக்காத நாளே இல்ல, ஐயா."

அவர்கள் சர்ச்சில் ஒருவன் எழுந்து நெஞ்சைத் திறந்து பேசினால், பதில் சொல்லாமல் அவனைத் தனியே நிற்கவிடுவது பாவம். வெர்டெலுக்கே தெரியாமல் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது: "ஆமென்."

"ஆமென்!" என்றது பின்வரிசை முழுக்க.

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "இது கூத்துக் கொட்டகை இல்லை. இன்னொரு சத்தம் வந்தால் எல்லாரும் வெளியே." அதற்கப்புறம் எல்ராயிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மனு தள்ளுபடி. திரை அணைந்தது.

மறுநாள் எல்ராய் ஃபோன் செய்தான்.

"என்னாலதான்டா" என்றாள் அவள். "முதல்ல சொன்னது நான்தான். அடுத்த தடவை நான் மட்டும் வர்றேன். வாயத் தச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"அக்கா, நான் பேச ஆரம்பிக்கும்போதே அந்தத் தலைவரு அடுத்த ஆளோட ஃபைலப் பிரிச்சிட்டாரு. திரையில எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. நீ சொன்னதால ஒண்ணும் கெடல."

அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தன் தப்பாக இருந்திருந்தால் அடுத்த தடவை திருத்திக்கொள்ளலாம். அந்த ஒரு நம்பிக்கையையும் அவன் பிடுங்கிக்கொண்டான்.

"இல்லடா, நான்தான்" என்றாள் மறுபடியும், கெஞ்சுவதுபோல.