திங்கட்கிழமை கொடுத்த மிஸ்டு கால்

செவ்வாய்க்கிழமை காலை ரயில் பங்காரப்பேட்டையைத் தாண்டியதும் என் போன் அடித்தது. ஆண்டர்சன்பேட்டையில் கஸ்தூரியின் ஜெராக்ஸ் கடையை ஒட்டி டெய்லர் கடை வைத்திருக்கும் முனிசாமி அண்ணன். "ரேவதிம்மா, கஸ்தூரி நம்மள வுட்டுப் பூட்டுதும்மா. ஞாயித்துக்கெழம தூக்கத்துலயே போயிருக்குது. இப்பதான் கதவ ஒடச்சிப் பாத்தோம்" என்றார். நான் அவரோடு சண்டைக்குப் போனேன். "இன்னாண்ணா பேசுறீங்க? நேத்து சாயங்காலம்கூட அவளுக்கு மிஸ்டு கால் குடுத்தேனே!" என்று கத்தினேன். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நம் ரயில் பெட்டிப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோலார் தங்க வயலிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் நாங்கள், வீட்டு வாசலில் செருப்பை விடும்போதே கஸ்தூரிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்போம். அவள் எடுக்க மாட்டாள். கடையில் இருக்கும் லேப்டாப்பில் எங்கள் பெயர் உள்ள பட்டனை அழுத்துவாள், அது பச்சையாகும். யாருடைய கால் வரவில்லையோ அவர்களைத்தான் அவள் கூப்பிடுவாள். ஆகவே அவளிடமிருந்து போன் வராவிட்டால் எல்லாம் நலம் என்று பொருள். திங்கட்கிழமை நாங்கள் எல்லாரும் கூப்பிட்டோம். அவள் தலைமாட்டில் அந்தப் போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பதில் வராததால் எல்லாம் நலம் என்று நினைத்து, சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டோம்.

அந்த ஏற்பாட்டுக்கான புரோகிராமைக் கஸ்தூரி தானே எழுதினாள். அப்போது அவளும் எங்களோடு ரயிலில் வந்துகொண்டிருந்தாள். பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி, "விஷுவல் பேசிக்னு ஒரு கம்ப்யூட்டர் பாஷ கத்துக்கலாம் வாடி, புச்சா கத்துக்கறவங்களுக்கு அதான் நல்லதாம்" என்று என்னையும் இழுத்துப் போட்டாள். எங்கள் இருவருக்கும் நாற்பது தாண்டியிருந்தது. ஜன்னலோர சீட்டில் ஒருத்தி மடியில் லேப்டாப், இன்னொருத்தி கையில் போனில் பாடம். திரையில் ஒரு பட்டனை இழுத்து வைத்து, அதை அழுத்தினால் 'வணக்கம் கஸ்தூரி' என்று வந்த நாளில், எதிரில் இருந்த பெரியவருக்குக்கூட அவள் அழுத்திக் காட்டினாள். அவர் பாவம், மூன்று தடவை வணக்கம் வாங்கிக்கொண்டார்.

எனக்கு ஒரு இடத்தில் மட்டும் உதைத்துக்கொண்டே இருந்தது. பட்டனைத் திரையில் எங்கே வைக்க வேண்டும் என்று எண்ணில் சொல்ல வேண்டும். எண்ணைக் கூட்டினால் பட்டன் கீழே இறங்கும். பள்ளிக்கூடத்தில் வரைபடம் போட்ட எனக்கு, கூட்டினால் மேலேதான் போக வேண்டும். கஸ்தூரிக்கு முதல் நாளே பிடிபட்டுவிட்டது. அவள் அப்பா சுரங்கத்துக்குள் மரத்தால் முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவர். "இதுல இன்னாடி கஷ்டம்? சொரங்கத்துல லெவல் நம்பர் ஏற ஏற ஆளு கீழதான போவான்?" என்று என் தலையில் தட்டினாள்.

திரையில் எங்கள் பட்டன்கள் வரிசையாக இருக்கும் பெயர்ப் பலகையும் அந்தச் சுரங்கத்திலிருந்து வந்ததுதான். ஷிஃப்டுக்கு இறங்குகிறவர் தன் பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு போவார், மேலே வந்ததும் பலகையில் மாட்டுவார். கொக்கி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார். கஸ்தூரி இதை அப்படியே புரோகிராமில் வைத்தாள். அதோடு நில்லாமல், எல்லாப் பட்டனும் பச்சையாகும்வரை அதை மூடவே முடியாதபடி செய்துவிட்டாள். மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. லேப்டாப்பை அணைக்கப் போனாலும் அடம் பிடிக்கும். இது தப்பு, எந்தப் புரோகிராமும் இப்படி இருக்கக் கூடாது என்று பாடத்தைக் காட்டிச் சொன்னேன். "ஆளு மேல வராம போர்டை மூடுவாங்களாடி?" என்று கேட்டாள். அவளிடம் யார் வாயைக் கொடுப்பது?

நம் சாந்தாதான் அதிகம் கேலி செய்தவள். "அதான் வாட்ஸ்அப் குரூப் இருக்குதே, எதுக்குடி இந்த ரோதன?" என்பாள். "குரூப்புல யாரு பேசினாங்கன்னு தெரியும். யாரு பேசலன்னு தெரியுமா?" என்று கஸ்தூரி திருப்பிக் கேட்டாள். அடுத்த மழையில், மாரிகுப்பம் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் சாந்தா பள்ளத்தில் விழுந்து கணுக்கால் முறிந்தது. போன் தண்ணீரில் போய்விட்டது. அவள் பட்டன் பச்சையாகவில்லை. கஸ்தூரி முனிசாமி அண்ணனை டார்ச்சோடு வண்டியில் விரட்டினாள். அண்ணன் தூக்கிக்கொண்டு வந்தபோது சாந்தா வலியில்கூட, "அந்த முண்டத்துக்குப் போன் பண்ணி பட்டன அமுக்கச் சொல்லுங்க, கடைய மூடட்டும்" என்றாளாம். கஸ்தூரி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அடக்கம் முடிந்த மறுநாள், ஓசூரில் இருக்கும் கஸ்தூரியின் மகள் அந்த லேப்டாப்பை என்னிடம் கொடுத்தாள். திறந்தோம். நாங்கள் அதற்கு முன் கடைசியாக வேலைக்குப் போன வெள்ளிக்கிழமைப் பலகை, எல்லாம் பச்சை. சாந்தா என் தோள் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல கஸ்தூரி பேரு எங்கடி?" என்றாள்.

இல்லை. கடை வைத்து ரயிலில் வருவதை நிறுத்தியபோது தன் பெயரை எடுத்துவிட்டாள். பலகையைப் பார்த்துக்கொள்கிறவர் கீழே இறங்குவதில்லையே, அவருக்கு எதற்கு டோக்கன் என்று நினைத்திருப்பாள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். தனியாக ஒரு வீட்டில் இருந்த அவள் காலையில் எழுந்தாளா என்று கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. முனிசாமி அண்ணன்கூடத் திங்கட்கிழமை பூட்டிய கடையைப் பார்த்துவிட்டு, மகள் வீட்டுக்குப் போயிருப்பாள் என்றே இருந்திருக்கிறார். சாந்தா தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கஸ்தூரி மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

கஸ்தூரியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் புரோகிராமும் அதை மூட விடாத அவளுடைய பிடிவாதமும்தான். இப்போது லேப்டாப் முனிசாமி அண்ணன் கடையில் இருக்கிறது. கடைக்குப் பின்னாலேயே வீடு. பலகையில் முதல் பெயராக அவருடையதைச் சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை உட்பட தினமும் காலையும் மாலையும் அவர் தன் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் அது சுரங்கத்து ஷிஃப்ட் சங்கு மாதிரி அலறும், அண்ணி ஓடி வந்து பார்ப்பார்.

அழுத்திப் பார்த்துவிட்டு அண்ணன் கேட்டார்: "இத்த எழுத ரொம்ப நாளாச்சாம்மா?"

நான் டீ கிளாசைக் கையில் எடுத்தேன். அவர் வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் எழுதி முடித்திருந்தேன். அவ்வளவு சுலபமான மொழி அது.